அன்புக்கரங்கள் உதவித்தொகை: வளர்ப்பவர் கைக்குப் பணம் சேரும் வழி பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாமல் இருக்கும் குழந்தைகளுக்கும் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதற்கட்டமாக 6,082 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். இவ்வறிக்கையை வெளியிடும் எமது அமைப்பு இத்திட்டத்தை முழுமனத்துடன் வரவேற்கிறது. குழந்தைக்கு அன்றாடம் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புபவர் யாரோ அவர் கைக்கே பணம் சேர வேண்டும் என்பதும், அவர் யார் என்பதை விசாரித்து உறுதிசெய்யும் வேலையை நிர்வாகமே ஏற்க வேண்டும் என்பதும் இவ்வறிக்கையின் நிலைப்பாடாகும்.

திட்டத்தின் தகுதி வரையறை கவனத்துக்குரியது. ஆதரவற்ற குழந்தை என்றால் தாய் தந்தை இருவரும் இறந்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை அது கடந்து, ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுச் சென்றிருந்தாலும், உடலாலோ மனத்தாலோ பாதிக்கப்பட்டிருந்தாலும், சிறையில் இருந்தாலும், உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்தாலும் அக்குழந்தையை உள்ளே கொண்டுவருகிறது. குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல் உறவினர் வீட்டிலேயே வளரச் செய்வதற்கு உதவும் இவ்வகைத் தொகையைச் 'சிறார் நீதிச் சட்டம், 2015' நிதி ஆதரவு என்று குறிப்பிடுகிறது; காப்பகம் என்பது வேறு வழியே இல்லாதபோது நாட வேண்டிய கடைசி இடம் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. ஒன்றிய அரசின் 'மிஷன் வாத்சல்யா' இதே நோக்கில் மாதம் 4,000 ரூபாய் வழங்குகிறது. கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினர் பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்கு 2021இல் மாநில அரசு மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது. மூன்று உதவிகளும் மூன்று தொகைகளோடும் மூன்று தகுதி வரையறைகளோடும் அருகருகே நிற்கும்போது, ஒன்றைப் பெறுவோர் மற்றொன்றுக்கு விண்ணப்பிக்கலாமா, எது தங்களுக்கு உகந்தது என்பதை ஒரே பக்கத்தில், எளிய தமிழில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தெளிவாக அரசு எழுதித் தர வேண்டும்.

தகுதி வரையறை விரிந்திருப்பதாலேயே சான்று காட்டும் சுமையும் விரிந்துவிட்டது என்பதுதான் இனிக் கவனிக்க வேண்டிய செய்தி. இறப்புக்குப் பதிவேடு உண்டு. இறப்புச் சான்றிதழ் உண்டு. கைவிட்டுச் சென்றதற்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. தந்தை இறந்தபின் தாய் வேறு ஊரில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார், பிள்ளை தாயைப் பெற்ற பாட்டியிடம் வளர்கிறது என்ற நிலையை எடுத்துக்கொண்டால், குழந்தையின் பெயர் பெரும்பாலும் பெற்றோரின் பழைய குடும்ப அட்டையிலேயே இருக்கும். பாட்டியின் அட்டைக்கு மாற்ற வேண்டுமானால் முதலில் பழைய அட்டையில் பெயர் நீக்க வேண்டும். நீக்க வேண்டிய அட்டையோ தாயின் கையில் இருக்கும். இந்நிலையில் 'கைவிடப்பட்டதற்கான சான்று கொண்டு வாருங்கள்' என்று பாட்டியைத் திருப்பி அனுப்புவது, ஓடிப்போனவரையே தேடிப் பிடித்து அவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதற்குச் சமம். கிராமத்தில் எந்தப் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுகிறது என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும், அங்கன்வாடிப் பணியாளருக்கும், வகுப்பாசிரியருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே இம்மூவரில் இருவர் நேரில் பார்த்து எழுதித் தரும் குறிப்பையே போதிய சான்றாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஏற்க வேண்டும் எனவும், பின்னர் தவறு எனத் தெரிந்தால் உதவியை நிறுத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு முதலில் உதவியைத் தொடங்கிவிட வேண்டும் எனவும் இவ்வமைப்பு கோருகிறது. நகரங்களில், குறிப்பாக ஆண்டுக்கு ஒருமுறை வாடகை வீடு மாறும் குடும்பங்களில், இந்த அக்கம்பக்கத்து அறிவு மெலிதாகவே இருக்கும் என்பது உண்மை. அங்கே ஆசிரியரின் குறிப்புக்கு மேலும் எடை தரலாம்.

நோயைச் சான்றாக்கும் இடத்தில் இன்னும் கூடுதலான கவனம் தேவைப்படுகிறது. ஒரு பெற்றோர் எச்ஐவி தொற்றால் இறந்து மற்றவர் அதே தொற்றோடு வாழும் வீடுகள் இத்திட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடியவை. ஆனால் விண்ணப்பம் உள்ளூர் அலுவலகங்கள் வழியே மேசை மேசையாக நகரும்போது, நோயின் பெயர் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் அந்தத் தாய் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார். ஒருவரது எச்ஐவி நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி மையம், அதாவது தொற்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை வழங்கும் அரசு மையம், தாயின் ஒப்புதலைப் பெற்று, நோயின் பெயரைக் குறிப்பிடாமல் 'தகுதி உண்டு' என்ற ஒரு வரியை நேரடியாக மாவட்ட அலகுக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இந்த அச்சத்துக்கு இடமிராது.

சான்று முடிந்தபின் வருவது வங்கி. இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956 இயற்கைப் பாதுகாவலர் என்று தந்தையையும், அவருக்குப் பின் தாயையும் குறிப்பிடுகிறது. பாட்டியும் தாய்மாமனும் அத்தையும், பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்திருந்தாலும், அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. அவர்கள் சட்டப்படியான பாதுகாவலர் ஆக வேண்டுமானால் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டும். மாதம் 2,000 ரூபாய்க்காக வக்கீல் வைத்து வழக்கு நடத்தும் குடும்பம் இருக்க முடியாது. குழந்தையின் பெயரில் கணக்கு தொடங்கச் செல்லும் மூதாட்டி, விண்ணப்பப் படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற கட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கும் இடம் இதுதான். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிறார்கள், வங்கி வகுக்கும் வரம்புக்கு உட்பட்டு, தாமே கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருப்பதால் மூத்த பிள்ளைகளுக்கு வழி பிறந்திருக்கிறது. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது உதவாது. ஆனால் அந்த மூதாட்டியிடம் முதியோர் ஓய்வூதியம் வரும் பாஸ்புக் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் அதில் மாதம் 1,200 ரூபாய் ஏறுகிறது. ஒரு முதியவரின் வயிற்றுக்கே போதாத அத்தொகையில்தான் ஒரு பிள்ளையும் வளர்கிறது. அதே கணக்கில், தனி வரியாகத் தெரியும்படி, குழந்தையின் உதவித்தொகையைச் செலுத்தினால் புதுக் கணக்கு, புதுப் படிவம், பாதுகாவலர் கட்டம் ஆகிய எதுவும் தேவைப்படாது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் முதன்முறை வரவு வைக்கப்பட்டபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அத்தொகையிலேயே பிடித்தம் செய்ததும், நிதியமைச்சர் கண்டிக்க நேர்ந்ததும் மறக்கத்தக்கவை அல்ல. அன்புக்கரங்கள் தொகையில் எவ்விதப் பிடித்தமும் கூடாது என்று வங்கியாளர் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

இவ்வாறு வளர்ப்பவரிடமே பணத்தைக் கொடுத்துவிடுவது முறைகேட்டுக்கு வழிவிடும் என்று எழும் ஐயத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் பட்டறிவு பதில் தருகிறது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், பிரான்சி லண்ட் தலைமையில் அமைந்த குழு 1996இல் அளித்த பரிந்துரையின்படி அந்நாடு 1998 ஏப்ரலில் குழந்தை ஆதரவு மானியத்தைத் தொடங்கியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று எளிமையாகத் தொடங்கிய அது, பின்னர் படிப்படியாகப் பதினெட்டு வயது வரை விரிந்தது. பெற்றோரா உறவினரா என்று பாராமல் 'முதன்மைப் பராமரிப்பாளர்', அதாவது குழந்தையின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர் யாரோ அவரிடம் பணம் கொடுப்பது, குழந்தை வீடு மாறினால் பணமும் கூடவே மாறுவது என்பதே அதன் அடிப்படை விதியாக இருந்தது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் உறுதிமொழிப் பத்திரம் அளித்து உதவி பெறவும் பின்னர் இடமளிக்கப்பட்டது.

அதே நாட்டில் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு நேர்ந்தது வேறு கதை. எயிட்சால் பெற்றோர் இறந்த பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார்கள், தொகை கூடுதலாக இருந்த வளர்ப்புப் பராமரிப்பு மானியத்தை நாடினர். அதற்கோ குழந்தைகள் நீதிமன்றத்தின் உத்தரவு கட்டாயமாக இருந்தது. சமூகப் பணியாளர்கள் அறிக்கை எழுதி முடிக்க இயலாமல், உத்தரவுகள் காலாவதியாகி, உதவி அறுந்துபோகும் நிலை வந்து, 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு நீட்டிப்புக்கு வழிசெய்ய வேண்டியதாயிற்று. உறவினர் வளர்க்கும் பெற்றோரற்ற குழந்தைக்கு நீதிமன்றம் போகாமலே கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுக்கு மேல் அலைந்து அந்நாடு வந்துசேர்ந்த இடத்திலிருந்து தமிழ்நாடு தொடங்கலாம்.

விண்ணப்பித்தவர்க்கு மட்டுமே தருவது என்றால், மிகவும் நலிந்தவர்களே வெளியில் நிற்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் பதிவு இருப்பதாலும், இறப்புப் பதிவுகள் கணினியில் இருப்பதாலும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வீடு தேடிப் போவது நிர்வாகத்தால் இயலாத செயலன்று. பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளை இந்தத் தேடலில் சிக்காது என்பதால் அங்கன்வாடியும் குழந்தைகள் உதவி எண் 1098இன் அழைப்புகளும் உடன் சேர்க்கப்பட வேண்டும். நின்றுபோன பிள்ளைக்கு வருகைப்பதிவைக் காரணம் காட்டி உதவியை மறுப்பது திட்டத்தின் நோக்கத்தையே தலைகீழாக்கும்.

மேடையில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஆணை வழங்கிப் படம் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, மறுநாள் வகுப்பறையில் 'அப்பா அம்மா இல்லாத பிள்ளை' என்று அந்தப் படம் பேசப்படும்.

உதவி முடியும் நாளையும் இவ்வமைப்பு ஆட்சேபிக்கிறது. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்குப் பதினெட்டு நிறைவது பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கும்போதே. பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கையில் வீட்டு வருமானத்தில் 2,000 ரூபாய் குறைவது, அந்த மாணவரை வேலைக்குப் போகச் சொல்லும் சைகையாகவே ஆகும். பிறந்த நாளைக் கணக்கில் கொள்ளாமல், பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டின் மே மாதம் வரை தொகை தொடர வேண்டும். அதன்பின் கல்லூரியில் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் கீழ்க் கிடைப்பது மாதம் 1,000 ரூபாய். அதுவும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் வகுத்த விதிப்படி படித்தவர்க்கே. பெற்றோர் உள்ள மாணவருக்கு அது துணைத்தொகை. இவர்களுக்கோ கையில் வந்துகொண்டிருந்ததில் பாதி. ஆதலால் அன்புக்கரங்கள் குழந்தைகள் உயர்கல்வியில் சேர்ந்தால், எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும், இந்த 1,000 ரூபாயையும் அதோடு இன்னொரு 1,000 ரூபாயையும் சேர்த்துத் தரும் அரசாணையை, முதற்கட்டத்தில் சேர்ந்த மூத்த பிள்ளைகள் பிளஸ் டூ முடிப்பதற்குள் வெளியிட வேண்டும் என இவ்வமைப்பு அரசைக் கேட்டுக்கொள்கிறது.