விளையாட்டில் 6 ஏவுகணை... நிஜத்தில் எத்தனை?

திரையில் உங்கள் எஃப்-14 டாம்கேட் தயாராக நிற்கிறது. ஆயுதப் பட்டியலைத் திறக்கிறீர்கள். பீனிக்ஸ் ஏவுகணைகள் ஆறையும் ஏற்றிவிட்டுக் கிளம்புகிறீர்கள். கிடைக்கும்போது யார்தான் குறைவாக ஏற்றுவார்கள்?

அமெரிக்கக் கடற்படை குறைவாகத்தான் ஏற்றியது.

ஏஸ் காம்பாட் விளையாட்டில் ஒரே விமானம் பல டஜன் ஏவுகணைகளுடன் பறக்கும். அது கற்பனை என்று விளையாடுபவர்களுக்குத் தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் வார் தண்டர், டிசிஎஸ் போன்றவை 'நிஜம் மாதிரியே' என்று பெயர் வாங்கியவை. டிசிஎஸ்ஸில் விமானி அறையின் பொத்தான்கள்கூட அச்சு அசலாக வேலை செய்யும். அதனால் அங்கே பார்க்கும் ஏவுகணை எண்ணிக்கையையும் வரலாறு என்றே எடுத்துக்கொள்கிறோம்.

சுமக்க முடியும்தானே?

முடியும். 1973ஆம் ஆண்டு நடந்த சோதனையில் ஓர் எஃப்-14, ஒரே பயணத்தில் ஆறு பீனிக்ஸ் ஏவுகணைகளை ஆறு இலக்குகள் மீது பாய்ச்சியது. செம சாதனைதான்.

சிக்கல் திரும்பி வரும்போது ஆரம்பிக்கிறது. ஒரு பீனிக்ஸின் எடை சுமார் 450 கிலோகிராம். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானத்துக்குக் கண்டிப்பான எடை வரம்பு உண்டு. ஆறு பீனிக்ஸையும் சுமந்துகொண்டு, பாதுகாப்பான அளவு எரிபொருளையும் வைத்துக்கொண்டு இறங்கினால் அந்த வரம்பு தாண்டிவிடும். சுற்றுக்காவலுக்குப் போகும் விமானம் பெரும்பாலும் ஒன்றையும் பாய்ச்சாமல்தான் திரும்பும். ஒவ்வொன்றும் பல நூறாயிரம் டாலர் பெறும் ஏவுகணைகளைத் தினமும் கடலில் கொட்ட முடியுமா என்ன?

அதனால் வழக்கமாக பீனிக்ஸ், ஸ்பேரோ, சைட்வைண்டர் மூன்றையும் கலந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று என்று ஏற்றினார்கள்.

சண்டை என்று வந்தபோதும் பீனிக்ஸ் கைகொடுத்த மாதிரி தெரியவில்லை. 1981 ஆகஸ்ட்டில் லிபியாவின் இரண்டு சுகோய்-22 விமானங்களை எஃப்-14கள் வீழ்த்தியது சைட்வைண்டரால். 1989 ஜனவரியில் இரண்டு மிக்-23 விமானங்கள் விழுந்தன, ஸ்பேரோவாலும் சைட்வைண்டராலும். 1999ஆம் ஆண்டு ஈராக் வான்வெளியில் அமெரிக்கா பாய்ச்சிய பீனிக்ஸ்கள் எதையும் வீழ்த்தவில்லை. ஈரானின் கதை வேறு. 1980களில் ஈராக்குடன் நடந்த போரில் பீனிக்ஸால் பல விமானங்களை வீழ்த்தியதாக அது சொல்கிறது.

பாய்ச்சினால் படுமா?

எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் பெரிய இடைவெளியாகத் தெரிகிறது. விளையாட்டில் ஒவ்வோர் ஏவுகணையும் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோலப் புத்தம் புதிதாக இருக்கும்.

வியட்நாம் போரில் எஃப்-4 ஃபேன்டம் நான்கு ஸ்பேரோ, நான்கு சைட்வைண்டர் வரை சுமந்தது. பாய்ச்சிய ஸ்பேரோக்களில் இலக்கைத் தாக்கியவை ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஈரப்பதமான வானிலை, பல முறை ஏற்றி இறக்கியதில் பழுதான மின்னணுப் பாகங்கள், சண்டை நெருக்கடியில் தவறான தூரத்திலிருந்து பாய்ச்சியது எனக் காரணங்கள் நிறைய. போதாக்குறைக்கு, எதிரி விமானம்தானா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே பாய்ச்சவேண்டும் என்ற கட்டுப்பாடு. தொலைதூர ஏவுகணையைக் கையில் கொடுத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார் என்றால் எப்படி? ஆரம்பகால ஃபேன்டம்களில் உள்ளே பொருத்திய பீரங்கியும் கிடையாது. அது 1968ஆம் ஆண்டு வியட்நாம் வந்த எஃப்-4இ ரகத்தில்தான் வந்தது.

விளையாட்டு நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?

ஒரு விமானம் எதைச் சுமக்க முடியும் என்பது கையேட்டில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில் எதைச் சுமந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அந்தப் படைப்பிரிவின் பதிவுகளைத் தேடவேண்டும். முதலாவது சுலபம். தவிர, பத்தில் ஒன்பது ஏவுகணை வீணாகும் விளையாட்டைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? எதிரெதிர் அணிகளுக்குச் சமமான பலம் வேறு கொடுக்கவேண்டும். டிசிஎஸ்ஸில் களத்தை வடிவமைப்பவர்கள் ஆயுதக் கிடங்கின் இருப்பைக் குறைத்து, அந்தக் காலத்து நிலைமையைக் கொண்டுவரலாம். 'அந்த ஆண்டின் வழக்கமான சுமை' என்றே ஒரு பொத்தானை எல்லா விளையாட்டிலும் வைத்தால் இன்னும் நல்லது.

கையேடு வரை போன தகராறு

சிலருக்கு இது வெறும் விளையாட்டாக முடிவதில்லை. 2021ஆம் ஆண்டு, வார் தண்டரில் தங்கள் சேலஞ்சர் 2 கவச வாகனம் தவறாக இருக்கிறது என்று நிரூபிக்க ஒருவர் பிரிட்டிஷ் ராணுவக் கையேட்டின் பக்கங்களை இணையத்தில் போட்டார். 2023 ஜனவரியில் எஃப்-16 விமானம் பற்றிய, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆவணம் வெளியானது. வாதம் எதைப் பற்றி? எஃப்-16ஏ விமானம் ஆம்ராம் ஏவுகணையைப் பாய்ச்ச முடியுமா என்பது பற்றி. தயாரிப்பு நிறுவனமான கேஜின், இத்தகைய ஆவணங்களைப் பயன்படுத்துவதில்லை, பதிவுகளை நீக்கிவிடுகிறது. ஆக, போட்டவருக்குத் தலைவலி மட்டும்தான் மிச்சம்.

சிங்கப்பூர் ஆகாயப் படையிலும் எஃப்-16 பறக்கிறது. தேசிய சேவையில் இருக்கும் பலர் இந்த விளையாட்டுகளை விளையாடுகிறார்கள். முகாமில் பார்த்ததை வாதத்தில் ஜெயிப்பதற்காக வெளியே சொன்னால் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் பாயும். 'விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்பது அங்கே எடுபடாது.

பீனிக்ஸ் விவகாரத்தைச் சரிபார்க்க எந்த ரகசியக் கையேடும் தேவையில்லை. டிசிஎஸ்ஸில் எஃப்-14 இருக்கிறது. ஆறையும் ஏற்றுங்கள், ஒன்றைக்கூடப் பாய்ச்சாதீர்கள், அப்படியே கப்பலில் வந்து இறங்கிப் பாருங்களேன்.