நெடுந்தீவு அருகே

கோடை லீவு விட்டால் போதும், திருப்பூரில் கப்பல் டூர் பேச்சு கிளம்பிவிடும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் கப்பல் திருகோணமலை, காங்கேசன்துறை என்று போக ஆரம்பித்தது. அதே அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. போய் வந்தவர்கள் அப்படியே ஒருநாள் வடக்குத் தீவுகளையும் படகில் சுற்றிவிட்டு வருகிறார்கள். நயினாதீவில் அம்மன், நெடுந்தீவில் குதிரை, பெருக்கமரம், டச்சுக் கோட்டை. சாயங்காலம் ரிட்டர்ன்.

டூர் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருஷம் பூரா ஷிப்ட் பார்க்கிற ஊர், நாலு நாள் கடலைப் பார்க்கட்டும். என் சண்டை ரீல்ஸுக்குக் கீழே எழுதுகிற ஒரு வரியோடுதான்: ‘யாரும் தொடாத தீவு.’

யாருங்க தொடவில்லை? போர்த்துக்கீசியர் தொட்டார்கள், டச்சுக்காரர்கள் தொட்டார்கள். நீங்கள் படமெடுக்கிற காட்டுக்குதிரைகளே அவர்கள் விட்டுப்போன மந்தையின் வழிவந்தவை என்கிறார்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினி என்ற பயணிகள் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் செத்தார்கள். ஊர்க்கணக்கு அதைவிட அதிகம். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தக் குமுதினியைப் பழுதுபார்த்து, அதற்கப்புறமும் பல வருஷம் அதே கடலில் ஓட்டினார்கள். வேற போக்கு என்ன இருந்தது? பள்ளிக்கூடப் பேப்பர் கட்டிலிருந்து பிரசவக்காரி வரைக்கும் படகில்தானே போகணும். நெடுந்தீவு மாவிலித்துறையில் நினைவிடம் இருக்கிறது. டூர் வேன் துறையை விட்டு நேராகக் குதிரைக்குப் போய்விடும்.

1990, 91இல் ராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். புங்குடுதீவின் பாதி ஊர் இன்று டொரண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிறது. கூரையில்லாத அந்த வீடுகளைத்தான் நம்மாட்கள் ‘விண்டேஜ் வைப்’ என்று படமெடுக்கிறார்கள். கேட்டால், “ரெஸ்ட் எடுக்கப் போன இடத்துல எதுக்குங்க அரசியல்?” நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் வேலை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனதும் இந்தியா எதிர்த்தது. 2022 மார்ச்சில் இந்திய மானியத்தில் செய்வதாக ஒப்பந்தம் மாறியது. கிணற்றில் உப்புத்தண்ணி ஊறுகிற தீவில் ஒரு லைட் எரிவதற்கே டெல்லியும் பெய்ஜிங்கும் முட்டிக்கொள்கின்றன. இதில் அரசியலைக் கொண்டுபோனது நான் இல்லை.

நாமும் தொட்டிருக்கிறோம், அதுதான் யாரும் பேசாதது. தமிழ்நாட்டில் நெடுந்தீவு என்ற பெயர் காதில் விழுவதே ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்ற செய்தியில்தான். கைதும் துப்பாக்கிச் சூடும் அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலின் அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. அந்தத் தொழில்முறையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அங்கே சின்னப் படகில் வலை போட்டுவிட்டு, விடிந்தால் அறுந்த வலையைப் பொறுக்குகிறவனும் தமிழன்தான். போரில் ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போக விடப்படாதவன். கச்சத்தீவுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற நாம், ஆள் குடியிருக்கிற பக்கத்துத் தீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா?

இது மற்ற ஊர்க்காரனுக்குப் புரியாமல் போகலாம், திருப்பூர்க்காரனுக்குப் புரியணும். காங்கேயம் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது, நம் சாயப்பட்டறைக் கழிவின் தொட்டியானது. திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு எவனாவது வெளியூர்க்காரன் அந்த அணையில் பரிசல் விட்டு, ‘யாரும் தொடாத ஏரி, தண்ணி என்ன கலரு பாருங்க’ என்று ரீல்ஸ் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? அனுமன்பள்ளிக்காரர் ஒருத்தர் கரையில் நின்றிருந்தால் பரிசலைக் கவிழ்த்திருப்பார்.

போங்க, தாராளமாப் போங்க. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒருமணி நேரம். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போனை உள்ளே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் மீன் எப்படி என்று அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் வருகிற பதிலையும் முழுசாகக் கேளுங்கள்.