இணையப் பெயருக்கு உறுதி யார் பெயரில்?

நமது வியாபாரிகள் ஒரு துண்டுக் காணி வாங்குவதென்றால் நொத்தாரிசிடம் போவார்கள், பழைய உறுதிகளைத் தேடுவார்கள், எல்லைக்கல்லைக் கண்ணால் கண்ட பின்னரே காசை எடுத்து வைப்பார்கள். அதே ஆள் தன் கடையின் இணையப் பெயரை மட்டும் கொம்பியூட்டர் தெரிந்த ஒரு தம்பியின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். நானும் அப்படி இருந்தவன்தான்.

உப்புவெளியில் கடற்கரைக்குச் சமீபமாக ஐந்து அறைகள் கொண்ட சிறு தங்குமிடம் ஒன்றை நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்களுக்குச் சீசன். ஒரு வருடம் ஏப்ரல் மாதம் வழமையாக வரும் மின்னஞ்சல்கள் திடீரென நின்றுபோயின. நாட்டு நிலைமை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வருடாவருடம் வரும் ஒரு ஜேர்மன் விருந்தினர் தொலைபேசி எடுத்து, "தங்குமிடத்தை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார். திறந்து பார்த்தால் எங்கள் அறைகளின் படங்கள் இருந்த இடத்தில் யாருடையதோ விளம்பரங்கள்!

நடந்தது இதுதான். தளத்தைச் செய்து தந்தவர் அந்த டொட் கொம் பெயரைத் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். பின்னர் வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் எல்லாம் அவர் திறந்து பார்க்காத பெட்டியில் விழுந்தன. அவர் களவு செய்யவில்லை, கவனக்குறைவுதான். நட்டம் எனக்கு.

அதன் பிறகுதான் இந்தப் பெயர் விவகாரம் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, இலக்கம்தான் தெரியும். ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயர்களும் இலக்கங்களும் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் வைத்திருந்த ஒரே பட்டியலில் இருந்தன. வலையமைப்புப் பெருக, அந்தப் பட்டியல் தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர் பெயர்களைப் பங்கிட்டு வைக்கும் முறையை வகுத்தார்.

கொழும்பிலிருந்து புதிதாக வருபவர் திருகோணமலை பஸ் நிலையத்தில் என் தங்குமிடத்தைக் கேட்டால், அங்கே நிற்பவருக்கு என் வீடு தெரியாது. "உப்புவெளியா, நிலாவெளி பஸ்ஸில் ஏறுங்கள்" என்பார். யுத்த மயானத்தடியில் இறங்கிக் கேட்டால் ஒழுங்கையைக் காட்டுவார்கள். ஒழுங்கையில் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள். இணையமும் அப்படித்தான் விசாரிக்கிறது. உச்சியில் உள்ள மூலச் சேவையகம் "டொட் எல்.கே.யிடம் கேள்" என்கிறது, அது உங்கள் பெயருக்குரிய சேவையகத்தைக் காட்டுகிறது, இலக்கத்தைச் சொல்வது அந்தக் கடைசிச் சேவையகம். கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதால்தான், தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிய பின்னரும் சில மணித்தியாலங்கள் ஆட்கள் பழைய வாசலிலேயே போய் நிற்கிறார்கள்.

வழிகாட்டுபவர் பிழையாகக் காட்டினால் எப்பேர்ப்பட்ட முதலாளிக்கும் கதி ஒன்றுதான். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி நமது டொட் எல்.கே. பெயர்கள் சிலவற்றில் யாரோ கைவைத்தார்கள். கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்கள் கூட வேறொரு பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

டொட் கொம் பெயர் காலாவதியானதும் உடனே கைமாறிவிடுவதில்லை. பதிவாளர் வழமையாகச் சில வாரங்கள் பொறுப்பார். பெயர் நீக்கப்பட்ட பின்னரும் 30 நாட்களுக்கு மேலதிகக் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாட்கள். அதுவும் கழிந்தால் முந்தியவருக்கு. வர்த்தகக் குறி உள்ளவர்கள் முறையிட 1999 முதல் ஒரு பிணக்குத் தீர்ப்பு முறை இருக்கிறது. ஆனால் எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், பாவித்தார் என்று நாம்தான் காட்ட வேண்டும். ஐந்து அறைக்காரன் அதற்கு எங்கே போவான்?

தளம் போனதை விட என்னைப் பயமுறுத்தியது வேறு. பெயரை எடுத்தவர் விரும்பினால் அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களையும் தன்னிடம் வரச் செய்யலாம். விலைப்பட்டியல், வங்கிக் கடிதம், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்ற வரும் இணைப்பு எல்லாமே. மொத்த வியாபாரம் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"பேஸ்புக் பக்கம் இருக்கிறது நானா, பெயர் எதற்கு?" என்று கேட்கும் தம்பிமார் பலர். பக்கம் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது மற்றவன் வளவில் போட்ட கொட்டில். அவன் வாசலைப் பூட்டினால் சாமானோடு உள்ளே அகப்பட வேண்டியதுதான்.

ஆகவே தளம் செய்பவருக்குக் கூலியைக் கொடுங்கள். பெயரை உங்கள் பெயரில், உங்கள் கையில் உள்ள மின்னஞ்சலில் பதியுங்கள். ஏற்கெனவே பதிந்திருந்தால் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்பது கோபத்துக்குரிய விடயமல்ல. நமது வர்த்தக சங்கங்களும் கூட்டங்களில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

நான் பிறகு டொட் எல்.கே.யில் ஒரு பெயர் எடுத்தேன். 1990 முதல் இருக்கும் பதிவகம் அது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் தொடக்கி வைத்தது. ஏதும் கோளாறென்றால் நம் நாட்டிலேயே ஆளைப் பிடித்துக் கேட்கலாம். 2010இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயருக்கும் அனுமதி கிடைத்தது. நம் கடைப் பலகைகளில் அதை நான் இன்னும் காணவில்லை.

பழைய பெயரைக் கேட்டும் எழுதிப் பார்த்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு ஆறாவது அறையைக் கட்டலாம்.