ஒரு பிள்ளைக்காக 30 பேரா?

கனடாவில் செப்டம்பரில் பள்ளி திறந்ததும் பல வீடுகளுக்கு ஒரு கடிதம் வரும். "உங்கள் பிள்ளையின் வகுப்பில் கடுமையான அலர்ஜி உள்ள மாணவர் ஒருவர் இருக்கிறார். நிலக்கடலை சேர்ந்த எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம்." கடிதம் இவ்வளவுதான். அதைப் படித்ததும் கிளம்பும் முணுமுணுப்புதான் பெரிது. ஸ்கார்பரோவில் தமிழ்க் கடை வாசலிலும் அது கேட்கும், சென்னையில் உட்கார்ந்து செய்தி படிப்பவர்களிடமும் கேட்கும். "ஒரு பிள்ளைக்காக 30 பேர் ஏன் பட்டினி கிடக்கணும்?"

யாரும் பட்டினி கிடக்கவில்லை. பீநட் பட்டருக்குப் பதில் ஜாம் தடவிக்கொண்டு போகிறார்கள். எள்ளுருண்டையையும் கச்சான் அல்வாவையும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தின்கிறார்கள். ஒரு வேளை ருசியையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதே வெட்கக்கேடு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒன்டாரியோ மாகாணத்தில் பெம்ப்ரோக் என்று ஒரு சின்ன ஊர். 2003 செப்டம்பரில் அங்கே சப்ரினா ஷானன் என்ற 13 வயது மாணவி, பள்ளி கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு நிலக்கடலையும் பாலும் சோயாவும் ஆகாது. வறுவலில் பால் கிடையாது. ஆனால் சீஸ் போட்ட வறுவலை எடுத்த அதே இடுக்கியால் இதையும் எடுத்திருக்கலாம், அதில் ஒட்டியிருந்த பால்தான் காரணமாக இருக்கலாம் என்பது பிறகு வந்த முடிவு. மூச்சுத் திணறியது. ஆஸ்துமா என்று நினைத்தார்கள். உயிர் காக்கும் எபிபென் ஊசி அவளுடைய லாக்கரில் இருந்தது. அதை எடுக்க ஓடினார்கள். ஊசி வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் பதறி ஓடினார்கள். அன்புக்கும் அக்கறைக்கும் குறைவில்லை. இல்லாமல் போனது ஒரு திட்டம்.

அவள் பெயரிலேயே "சப்ரினா சட்டம்" 2005இல் நிறைவேறி, 2006 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் அமலுக்கு வந்தது. அது சொல்வது ரொம்ப எளிமை. ஒவ்வொரு பள்ளி வாரியத்துக்கும் அனஃபிலாக்ஸிஸ் கொள்கை வேண்டும். அலர்ஜி உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தலைமையாசிரியர் தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும். மாணவருக்கு அந்த நிலை வந்துவிட்டது என்று நம்பக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிட்டாலும் ஊழியர் ஊசி போடலாம். நல்லெண்ணத்தோடு செய்தவர் மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது.

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

"டீச்சர் என்ன நர்ஸா?" இல்லை. அதனால்தான் அந்த ஊசியையே மருத்துவம் படிக்காதவர் போடும்படி செய்திருக்கிறார்கள். தொடையின் வெளிப்பக்கத்தில், தேவைப்பட்டால் பேன்ட்டுக்கு மேலேயே அழுத்த வேண்டும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். டீச்சரின் கையைக் கட்டிப்போடுவது அறியாமையும் "கேஸ் வந்துட்டா என்ன பண்றது" என்ற பயமும்தான். பயிற்சி முதலாவதைத் தீர்க்கிறது, சட்டம் இரண்டாவதைத் தீர்க்கிறது.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? பெத்தவங்க பொத்திப் பொத்தி வளர்த்ததால வந்தது." பழியைப் பெற்றோர் தலையில் போடுவது சுலபம். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை நிலக்கடலை கொடுக்காதீர்கள் என்று 2000இல் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி. 2008இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றார்கள். சீக்கிரமே கொடுப்பதுதான் நல்லது என்று 2015இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. டாக்டர் சொன்னதைக் கேட்டது பெற்றோரின் குற்றமா? யார் தவறாக இருந்தாலும், பிள்ளை இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதே!

"கொஞ்சூண்டு பட்டா என்ன ஆயிடும்?" 2017இல் மேற்கு லண்டன் பள்ளி ஒன்றில், பால் அலர்ஜி உள்ள 13 வயது மாணவன் மேல் சக மாணவன் ஒரு துண்டு சீஸை எறிந்தான். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. பள்ளியில் அவனுக்கென்று வைத்திருந்த ஊசி காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. எறிந்தவனுக்கு இது உயிரைக் குடிக்கும் என்று தெரியாது. தெரியவைக்க வேண்டியது யார் பொறுப்பு?

"செலவு யார் தருவது?" கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில். புகைப்படம் ஒட்டிய ஒரு தாள், ஊசி எங்கே என்று எல்லா ஊழியருக்கும் தெரிந்திருப்பது, அவ்வப்போது ஒரு பயிற்சி, காலாவதித் தேதியைப் பார்க்க ஒரு ஆள், சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் (சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது). இது நஷ்டம் என்றால் எந்த லெட்ஜரில் எழுதுவது?

இன்னொன்று. "கடலைக்குத் தடை" என்று போர்டு மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் இது. சப்ரினாவின் உயிரைப் பறித்தது கடலை இல்லை, பால் என்பதை மறக்கக் கூடாது. பாலைத் தடை செய்ய எந்தப் பள்ளியாலும் முடியாது. ஆகவே தடையா வேண்டாமா என்று மட்டும் கட்டிப் புரள்வது வீண். ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அலர்ஜி உள்ள பிள்ளையைத் தனி மேசையில் ஒதுக்கி வைப்பதும் தீர்வு ஆகாது. அது பாதுகாப்பு என்ற பெயரில் தரும் தண்டனை.

ஒவ்வொரு ஜூனிலும் ஒரு டீச்சருக்கு நன்றி சொல்லி, ஒவ்வொரு செப்டம்பரிலும் புது டீச்சரிடம் முதலிலிருந்து கெஞ்சும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சலுகை இல்லை. காலையில் அனுப்பிய பிள்ளை சாயங்காலம் உயிரோடு திரும்ப வேண்டும் என்பது மற்ற 29 பெற்றோரும் கேட்காமலே பெறும் உரிமை. 30ஆவது பிள்ளையின் அம்மா மட்டும் அதை ஏன் கெஞ்சி வாங்க வேண்டும்?