உலையில் ஒன்றாகும் இரும்பு

'டொமஹாக்' என்றதும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் கையிலுள்ள சிறு கோடரி நம் நினைவுக்கு வருகிறது. பெயர் அவர்களுடையதே, வர்ஜீனியாக் கரையோரத்து அல்கோங்கியப் பாஷையில் பிறந்தது. ஆனால் அதன் இரும்புத் தலையோ ஐரோப்பிய வியாபாரிகளோடு வந்தது. மிருகத் தோல்களைக் கொடுத்து ஜனங்கள் அதை வாங்கினார்கள்.

இக்காலத்தில் அந்நாட்டில் கொல்லுத் தொழிலைப் பிரியத்துடன் பயில்வோர் சிலர் இக்கோடரியைத் தம் கையாலேயே செய்ய முற்படுகின்றனர். வேலை எளிதாகவே தோன்றும். இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் மடித்தால் காம்பு நுழையும் துளை அமைகிறது. மடிப்பின் இரண்டு இதழ்களுக்கும் நடுவே வாய்க்கு வேண்டிய எஃகுத் துண்டைச் செருகுகிறார்கள். இம்மூன்றையும் ஒன்றாக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இங்கே இரும்பை உருக்குவதில்லை. செஞ்சூட்டில் வெண்காரப் பொடியைத் தூவினால் அது கண்ணாடி போல் இளகி, இரும்பின்மேல் படியும் செதிளைக் கரைக்கிறது. பிறகு சுமார் 1,250 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்ச வேண்டும். இரும்பு வெளிர்மஞ்சளாய், மேற்பரப்பு நனைந்தாற்போல் மினுமினுக்கும். பொறி பறந்தால் எஃகு கருகுகிறதென்று அறிய வேண்டும். பட்டடைக்கு வந்தபின் கிடைப்பது சில விநாடிகளே. முதல் அடிகள் மெல்லியனவாய், துளைப் பக்கத்தில் தொடங்கி வாய்ப் பக்கம் நோக்கிச் செல்ல வேண்டும். அப்போதுதான் உருகிய வெண்காரம் வெளியேறும். அது தெறிக்குமாதலால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடவே கூடாது. அதன் புகை விஷம்.

புதிதாய்ப் பயில்வோர் பலமாய் ஓங்கி அடித்தால் ஒட்டிவிடுமென்று எண்ணுகின்றனர். சூடும் சுத்தமும் இல்லாதவிடத்துப் பலம் பயன்படாது. ஒட்டாத பொருத்தும் வெளிப்பார்வைக்கு முழுமையாகவே தோன்றும். மரத்தில் வெட்டும்போதுதான் பிளந்து தெறிக்கும். ஆகையால் முதலில் சிறு துண்டு ஒன்றை ஒட்டி, ஆறியபின் வளைத்து முறித்துப் பார்ப்பதே விவேகம்.

இந்த வித்தையின் அருமையை அறிந்தால் சரித்திரத்தில் இரண்டு சங்கதிகள் விளங்கும். 1804-05 குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையிலான பிரயாணக் கூட்டத்தார் மிசௌரி நதிக்கரையில் மாண்டன் ஜனங்களருகே கோட்டை கட்டித் தங்கினர். தானியம் குறைந்தபோது அவர்களைக் காத்தது கொல்லன் ஜான் ஷீல்ட்ஸின் உலையே. அவன் போர்க் கோடரிகள் அடித்துக் கொடுத்து மக்காச்சோளம் பெற்றான். பழைய அடுப்பிலிருந்து வெட்டிய 4 அங்குலச் சதுரத் தகட்டுக்கே 7 அல்லது 8 காலன் சோளம் கிடைத்ததாம்!

மூன்று வருஷம் கழித்து, 1808-இல், ஓஸேஜ் ஜனங்களுடன் அமெரிக்க அரசாங்கம் உடன்படிக்கை செய்தது. அவர்களுடைய ஆயுதங்களையும் உழவுக் கருவிகளையும் செப்பனிட ஒரு கொல்லனையும் அவனுக்குரிய சாமான்களையும் அளிப்பதாக அதில் வாக்களித்தது. அதே உடன்படிக்கையில் ஓஸேஜ் ஜனங்கள் இழந்த நிலப்பரப்போ மிகப் பெரிது.

கோடரி வாங்கியது குற்றமன்று. கல்லைவிட இரும்பு மேலானதென்று அவர்கள் கண்டது சரியே. ஆனால் கருவி கைக்கு வந்த வேகத்தில் அதைச் செய்யும் வித்தை வந்து சேரவில்லை. உடைந்த கோடரிக்குப் பிறர் உலையை எதிர்பார்க்கும் ஜனங்கள், பேரம் பேசும்போது தாழ்ந்த இடத்திலேயே நிற்க நேர்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கருவியைக் கையிலெடுக்கும்போது, அது எப்படிச் செய்யப்பட்டதென்றும் கேட்கப் பழகுவார்களாக.