பசையில் பிசினாறித்தனம் வேண்டாம்

நாற்பது வருஷம் கோவையில் லேத் ஓட்டிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வீட்டுப் பின்கட்டில் சின்ன மர லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைசல் வேலை பார்க்கிறேன்.

நல்ல மரம் விற்கிற விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சமையல் மேடை, வரவேற்பு மேசை செய்யும் இடங்களில் மிஞ்சுகிற 'சாலிட் சர்ஃபேஸ்' துண்டுகளைக் கேட்டு வாங்கி வருகிறேன். கோரியன் என்றால் சிலருக்குப் புரியும். பார்த்தால் கல் மாதிரி இருக்கும், கல் இல்லை. மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக். மீதி பெரும்பாலும் பாக்சைட்டிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள். உளி வைத்தால் தேங்காய்த் துருவல் போல வரும்.

துண்டின் கனம் 12 மில்லிமீட்டர்தான். கிண்ணம் கடைய ஐந்தாறு துண்டுகளை அடுக்கி ஒட்டியாக வேண்டும். வம்பு இங்கேதான்.

போன மாதம் ஐந்து துண்டுகளை உடனடிப் பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, அரை மணி நேரத்தில் லேத்தில் ஏற்றினேன். உளி தொட்டதுதான் தாமதம், மேல் இரண்டு அடுக்கும் பிய்ந்து பறந்து சுவரில் மோதின. என் பேரன் வழக்கமாக நின்று வேடிக்கை பார்க்கிற இடம் அது. அன்று பள்ளிக்கூடம் இருந்ததால் தப்பினோம். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பசை மீது பழி போட மாட்டேன். பேனா மாதிரிச் சின்னச் சாமானுக்கு அது போதும். தப்பு என்னுடையது. வழவழப்பான பக்கத்தைச் சொரசொரப்பாக்கவில்லை. கிளாம்ப்பை முறுக்கிய முறுக்கில் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அவசரம்.

இப்போது 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் இரண்டு பக்கமும் தேய்க்கிறேன். இரண்டு துண்டுகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு டியூபைக் கலக்கிற எபாக்ஸியைத் தாராளமாகத் தடவுகிறேன். கிளாம்ப் துண்டுகளை நகராமல் பிடித்தால் போதும். ஒரு ராத்திரி முழுக்கத் தொடுவதில்லை. மறுநாள் குறைந்த வேகத்தில்தான் ஆரம்பம், முகத்துக்குக் கவசம். தேய்க்கும்போது மாவு போலத் தூசி பறக்கும், அதற்கு மாஸ்க். முடிந்தவரை தண்ணீர் தொட்டே தேய்க்கிறேன். பேரனுக்கு இடம் வாசற்படிக்கு அந்தப் பக்கம்.

"துண்டே ஓசி. அதுக்குப் போய் காசு கொடுத்துப் பசையா? ஒரு நாள் காத்திருக்கணுமா?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நம் தலைமுறைக்கே உள்ள குணம் இது. எதையும் வீணாக்க மாட்டோம், அது நல்லதுதான். ஆனால் ஓசியில் வந்தது என்பதற்காக வேலையையும் ஓசி வேலையாகச் செய்தால், மிச்சம் பிடித்ததற்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிவரும். சிக்கனத்தைப் பொருளில் காட்டுங்கள்; பசையிலும் பொறுமையிலும் காட்டாதீர்கள்.

அப்படிக் கடைந்த ஒரு கிண்ணம் இப்போது எங்கள் வீட்டு வாசலில் சாவி போட இருக்கிறது. ஒட்டு எங்கே என்று பேரன் தடவித் தடவிப் பார்க்கிறான்.