செவிலி அறம்

கைவிடப்பட்ட நாய்க்குட்டியைத் தெருவினின்று மீட்டல் அறத்தின் தொடக்கமே, முடிவு அன்று. பிறந்த குட்டி கண் திறக்க ஏறத்தாழ இரு வாரம் ஆகும்; எட்டு வாரமேனும் தாயின் அரவணைப்பை நாடும். பல உயிர்கள் ஒருங்கே வாழும் காப்பகத்தில் நோய் எளிதிற் பரவும். தடுப்பூசி முற்றுப்பெறாத இளங்குட்டிக்கு அஃது ஏற்ற இடமன்று. ஆதலின், நிலையான இல்லம் வாய்க்கும்வரை அதனைத் தம் வீட்டில் பேணுவோர் தொண்டு இன்றியமையாதது.

‘வளர்த்தபின் பிரிதல் துன்பமன்றோ?’ எனச் சிலர் வினவுவர். துன்பமே. சங்கச் சான்றோர் காட்டும் செவிலித்தாயும், தான் வளர்த்த மகள் தலைவனுடன் சென்றபோது வருந்தினாள். ஆயினும் அவள் வளர்த்தது தன்னிடமே இருத்திக்கொள்வதற்கு அன்று. மகள் தன் மனையறம் காண்பதற்கே. வந்த குட்டிகளையெல்லாம் தாமே வைத்துக்கொள்வோரின் இல்லம் விரைவில் நிறைந்துவிடும். அடுத்து மீட்கப்படும் உயிருக்கு அங்கே இடமிராது. மேலும், குட்டியின் இயல்பை அறிந்தவரே அதற்கேற்ற இல்லத்தை ஆராய்ந்து அளிக்க வல்லார்.

மாணவர்களே, தக்க காரணமின்றி, பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகுமாறு ஒரு விலங்கைக் கைவிடுதல் குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஆயினும், கைவிடப்பட்டதைப் பேணுமாறு எவரையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அதனை அன்பே செய்தல் வேண்டும். பெற்றோரின் இசைவுடன், சில வாரமேனும் ஓர் உயிருக்குச் செவிலியாகுங்கள்.